ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சுவாமிமலை, பாபநாசம், வலங்கைமான் பக்கமிருந்தெல்லாம் லேப்டாப்பைப் பைக்கில் வைத்துக்கொண்டு வருவார்கள். பையைத் திறக்கும்போதே, "சிஸ்டம் பூரா வைரஸ், ஃபார்மேட் போட்டுக் குடுங்க" என்பார்கள். ஆன் செய்து பார்த்தால் பெரும்பாலும் வைரஸ் இருக்காது. வைரஸ் இருப்பதாகப் பொய் சொல்லும் ஒரு சமாச்சாரம்தான் இருக்கும். அதை நீக்க, டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றும் ஃபார்மேட் தேவையில்லை. பல நேரம் கடைக்கே வரவேண்டியதில்லை.

இப்போது அதிகம் பார்ப்பது பிரவுசர் நோட்டிஃபிகேஷன். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். சிவப்பில் ஒரு கேடயம், பிரபலமான ஏதோ ஒரு ஆன்ட்டிவைரஸின் லோகோ, 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்', 'சந்தா இன்றோடு முடிகிறது' என்று ஏதாவது. மூடினால் இன்னொன்று வரும். பதறாமல் அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் 'கூகுள் குரோம்' என்றோ 'மைக்ரோசாஃப்ட் எட்ஜ்' என்றோ போட்டிருக்கும், பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு வெப்சைட் முகவரி. அப்படியென்றால் அது ஏதோ ஒரு வெப்சைட் அனுப்பும் விளம்பரம், அவ்வளவுதான். உங்கள் கம்ப்யூட்டரை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. விண்டோஸே எச்சரித்தால் அந்த இடத்தில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று இருக்கும்.

அது எப்படி உள்ளே வந்தது? நாம்தான் விட்டோம். பரீட்சை விண்ணப்பத்துக்குப் போட்டோவை இத்தனை கேபிக்குள் சுருக்க வேண்டும், பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலை பிடிஎஃப் ஆக்க வேண்டும், கடைசி நாள் வேறு நெருங்கிவிட்டது. கூகுளில் தேடி முதலில் வந்த தளத்துக்குள் போகிறோம். 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோவை அழுத்துங்கள்' என்கிறது. அழுத்துகிறோம். புதுப்படம் திருட்டுத்தனமாகக் காட்டும் தளங்களிலும் இதே கதைதான். அந்த அலோவுக்கும் ரோபோவுக்கும் சம்பந்தமே இல்லை. அது, எந்நேரமும் நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி.

எடுப்பது சுலபம். குரோமில் மேலே வலது ஓரத்து மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு போன் குரோமிலும் செட்டிங்ஸுக்குள் இதே பட்டியல் உண்டு. அங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இதற்குப் போய் ஃபார்மேட் போடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. பேரன் காதுகுத்து போட்டோ முதல் பழைய பத்திரத்தின் ஸ்கேன் வரை எல்லாம் போய், அப்புறம் ரெக்கவரிக்கு அலைபவர்களைப் பார்க்கிறேன். எதைக் கேட்டாலும் 'ஃபார்மேட் போட்டுடலாம்' என்று சொல்லும் எங்கள் தொழில்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

அடுத்த வகை கொஞ்சம் மிரட்டலானது. திரை முழுவதையும் ஒரு பக்கம் அடைத்துக்கொள்ளும், சைரன் அலறும், ஒரு பெண் குரல் 'கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கும், நடுவில் ஒரு போன் நம்பர் இருக்கும். அந்த நம்பர்தான் அடையாளம். தங்களுடைய எச்சரிக்கைகளில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. எஸ்கேப் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பக்கத்தை மூடிவிடலாம். அசையவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' என்று கேட்கும், அதை மட்டும் தொடாதீர்கள். இதுவரை ஒரு சேதமும் இல்லை. அந்த நம்பருக்குப் போன் போட்டால்தான் சேதம் ஆரம்பிக்கிறது.

மன்னார்குடிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் சிங்கப்பூரில், வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டும். போன் போட்டுவிட்டார். எதிர்முனையில் பேசியவன், தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை இறக்கச் சொல்லி, உள்ளே வந்து, ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டியிருக்கிறான். "அவன் வாயால சொல்லலப்பா, கண்ணால காட்டினான். பூரா சிவப்பு, மஞ்சளா இருந்துது" என்றார். கடையில் அன்றுதான் விண்டோஸ் ஏற்றிய ஒரு புது சிஸ்டம் இருந்தது. "சார், இதையும் பாருங்க" என்று அதில் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். அதிலும் சிவப்பு, மஞ்சள் இருந்தது. விண்டோஸ் தனக்குள் நடக்கும் சின்னச் சின்ன தடங்கலையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பேடு அது. நல்ல நிலையில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும். வாத்தியாருக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

இது யாரோ ஒரு பையன் தனியாகச் செய்யும் வேலை இல்லை. வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்ட்டிவைரஸ் போன்ற பெயர்களில் போலி மென்பொருள் விற்றவர்கள் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் 10 லட்சத்துக்கும் மேல் என்றது. இந்தியாவிலும் 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்று சிபிஐ 76 இடங்களில் சோதனை நடத்தியது. டெக் சப்போர்ட் என்ற பெயரில் வெளிநாட்டவர்களை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் அடக்கம்.

சரி, நிஜமாகவே ஒரு போலி ஆன்ட்டிவைரஸ் இன்ஸ்டால் ஆகியிருந்தால்? கேட்காமலே ஸ்கேன் ஓடும், நூற்றுக்கணக்கில் 'பிரச்சினை' காட்டும், சரிசெய்யப் பணம் கேட்கும். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை ஆரம்பித்த நாளையொட்டி ஏறியவற்றைப் பாருங்கள். போலியோடு ஒரு கன்வெர்ட்டரோ டிரைவர் அப்டேட்டரோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மறுத்தால், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட் வழியாக, அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் போய் நீக்கலாம். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸின் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் எழும் முன்பே தேடும், ஒரு 15 நிமிடம் ஆகும். பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களையும், நெட்டை வேறு வழியாகத் திருப்பிவிடக்கூடிய பிராக்ஸி செட்டிங்கையும் ஒரு பார்வை பாருங்கள். போலியை நீக்க டூல் தேடி கூகுளில் போகும்போது மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவதை இறக்காதீர்கள். அதுவே இன்னொரு போலியாக இருக்கலாம்.

புது லேப்டாப்போடு வரும் ட்ரையல் ஆன்ட்டிவைரஸ் வேறு கதை, அது உண்மையானது. காலம் முடிந்து வேண்டாமென்றால் எடுத்துவிடுங்கள். அதுவரை ஒதுங்கியிருந்த டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. ஆனால் ஜாதக மென்பொருளையும் கல்யாண ஆல்பம் போடும் மென்பொருளையும் காசு கொடுக்காமல் கிராக் போட்டு ஏற்றும்போது, 'ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்' என்று அது சொல்வதைக் கேட்டு ஆஃப் செய்தால் எந்த ஆன்ட்டிவைரஸும் காப்பாற்றாது. விண்டோஸ் 7 ஓடும் பழைய இலவச லேப்டாப் இருந்தால் அதில் பேங்க் வேலையே வேண்டாம். அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது.

யாரையாவது ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டீர்களா? நெட்டைப் பிடுங்கிவிட்டு, அவன் ஏற்றச் சொன்ன எனிடெஸ்க் மாதிரியானவற்றை நீக்குங்கள். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் பேங்குக்குச் சொல்லிவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் முடக்க முடியும். 'ஊருக்குத் தெரிந்தால் அசிங்கம்' என்று இரண்டு நாள் உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் மேலே கடைக்குத்தான் வரவேண்டும் என்றால், திரையில் வந்ததை போனில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். கடையில் ஆன் செய்யும்போது அது சமத்தாக இருக்கும். சார்ஜரும் வேண்டும். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி லேப்டாப்பில் ஒட்டி மட்டும் அனுப்பாதீர்கள், நேரில் சொன்னால் போதும்.