இரண்டு வாரம் தாண்டிய வாய்ப்புண்

வாய்ப்புண் வந்தால் நம் ஊரில் முதல் வைத்தியம் மணத்தக்காளிக் கீரை, அடுத்து மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை. இதில் தப்பில்லை. சாதாரணப் புண் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே ஆறிவிடும். ஆறாத புண்ணுக்கு மாத்திரையை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் வினை. இரண்டு வாரம் தாண்டினால் அது வாய்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம்; பல் மருத்துவர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

"வலியே இல்லையே டாக்டர்" என்பார்கள். எனக்கு அதுதான் கவலை. சாதாரணப் புண்ணில் கொஞ்சம் உப்பு பட்டாலே உயிர் போகும். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. தடவிப் பார்த்தால் ஓரம் தடித்துக் கெட்டியாக இருக்கும்.

புகையிலை போடுகிறவர் என்றால், அதை அதக்கும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா? வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். வெற்றிலை போடும் அம்மா ஒருவர், "கடைவாய்ப் பல் ஆடுது, பிடுங்கி விட்டுடுங்க தம்பி" என்று வந்தார். பக்கத்துப் பற்களெல்லாம் கல்லுப் போல உறுதி. அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் ஈறில் சொரசொரவென்று சதை. பல்லைத் தொடாமல் சதை டெஸ்டுக்கு அனுப்பினேன், புற்றுநோய்தான்.

"புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்" என்று இளவட்டங்கள் தைரியமாகச் சொல்கிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. பாக்கு கன்னத்தின் உள்தசையை இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டால் எரியும், அப்புறம் வாய் திறப்பது குறையும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லையா, காட்டிவிடுங்கள்.

கூரான பல் உரசியும் புண் வரும். பல்லைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்ப்போம். ஆறாவிட்டால்தான் சதை டெஸ்ட். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயந்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். அப்படிப் பரவாது. மரத்துப்போக ஊசி போட்டுச் சின்னத் துணுக்குதான் எடுப்போம்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். வரும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். புண் எத்தனை நாளாக இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.