தோட்டா பாயுமா?

"மார்பில் தோட்டா பாய்ந்தது" என்று செய்தியில் அடிக்கடி வருகிறது. பாய்வது தோட்டா அல்ல, குண்டு. குண்டு, வெடிமருந்து, அடியில் தீப்பற்ற வைக்கும் சின்னக் கேப்பு (தீபாவளிப் பொட்டு வெடியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்), இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பொதிந்ததுதான் தோட்டா. சுட்டதும் குண்டு போய்விடும், கூடு துப்பாக்கியிலேயே நிற்கும். சேலம் பக்கம் பாறையில் கிணறு வெட்டுகிறவர்கள் குழியில் இறக்கும் மருந்துக் குச்சியும் தோட்டாதான். அதில் குண்டே கிடையாது.

சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. தெலுங்கில் அதுவே தூட்டா. இந்தியில் புழங்கும் இன்னொரு சொல்லான கார்த்தூஸ் போர்ச்சுகீசிய வழி வந்தது. அதன் வேர் லத்தீனில் தாளைக் குறிக்கும் சொல். தோட்டா ஒரு காலத்தில் வெறும் தாள் சுருள்தான். 1857-இல் சிப்பாய்கள் வாயால் கடித்துக் கிழிக்க மறுத்தது அந்தக் கொழுப்புத் தடவிய தாளைத்தான். பித்தளை பிறகு வந்தது.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது ஏற்காட்டில். ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களா மேசையில் தாள் பறக்காமலிருக்க இரண்டு காலித் தோட்டாக்களை வைத்திருந்தார்கள். ஒன்று தடியாக, கழுத்து சிறுத்த புட்டி மாதிரி. அடி விளிம்பு கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றி துப்பாக்கியுடையது. மற்றது ஒல்லி, விளிம்பு 14-க்கும் குறைவு. நம் போலீஸ்காரர்கள் தோளில் வெகுகாலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீ.

மார்ட்டினி ஒரு தடவைக்கு ஒரே தோட்டா கொள்ளும். விசைக்குப் பின்னாலுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக்கட்டை இறங்கி, கவை போன்ற ஓர் உறுப்பை இடிக்கும். அதன் இரண்டு விரல்களும் விளிம்பைப் பிடித்துக் கூட்டை வெளியே தள்ளும். 1880-களின் கடைசியில் இந்தப் பழைய துப்பாக்கிகளை த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு மாற்றத் தொடங்கியபோது, குண்டு சிறுத்ததால் குழலை மாற்றினார்கள். அதோடு முடியவில்லை. விளிம்பும் சிறுத்துவிட்டதே, அகன்ற கவைக்குப் பிடி கிடைக்காது. ஆகவே அதையும் மாற்ற வேண்டியிருந்தது. தோட்டாவும் குண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவருக்குக் கவையை ஏன் தொட்டார்கள் என்பது கடைசி வரை புரியாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தேவநேயப் பாவாணர் பன்னிரண்டு ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த ஊர் சேலம். இங்கே அந்தக் கேள்வி வராமல் இருக்காது. வெடியுறை என்று சிலர் எழுதுகிறார்கள். என் காதுக்கு அது காலிப் பித்தளைக்குத்தான் பொருந்துகிறது. முழுசுக்கு வெடிபொதி சரி: பொதிமாடு, பொதிசோறு என்று கட்டிவைத்த எதற்கும் நம்மிடம் உள்ள சொல். பறந்து போவதற்குக் குண்டு போதும். ஈழத்தில் சன்னம் என்பார்கள், அதுவும் நல்ல சொல். தோட்டாவைத் துரத்த வேண்டியதில்லை, அது குடியேறி வெகுநாளாயிற்று.

காலிக்கு எந்தச் சொல் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பங்களாவில் அந்தப் பித்தளையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எஸ்டேட் ரைட்டர் சொன்னார்: "பயப்படாதீங்க சார், அது வெறுங்கூடு."