தத்தமேதா: மிண்டோன் மன்னரின் குடிவரி

பர்மிய மொழியில் வரலாறு படிக்கும் நம் பிள்ளைகள் பர்மாவை ஆண்ட கடைசி அரசமரபான கொன்பௌங் அரசின் கடைசிக் காலத்துக்கு வந்ததும் ‘தத்தமேதா’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள். மிண்டோன் மன்னர் கொண்டுவந்த வரியின் பெயர் அது. ‘தலைவரி’ என்று பதில் சொல்லிவிடுவது எளிது. ஆனால் தலைவரி வேறு, தத்தமேதா வேறு.

சொல்லின் மூலம் பாலி மொழியின் ‘சஸ்ஸமேத’. பாலிச் சகரம் பர்மியர் வாயில் தகரம்போல் ஒலிக்கும். சாசனம் ‘தாதனா’ ஆனதும் சங்கம் ‘தங்கா’ ஆனதும் இப்படித்தான். சஸ்ஸ என்பது வடமொழியின் சஸ்யம், விளைச்சல். மேத என்றால் அசுவமேதம் நினைவுக்கு வரும், தொடர்பும் உண்டு. ஆதி அரசர்கள் செய்தது குதிரைப் பலியல்ல, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வாங்கும் சஸ்ஸமேதமே என்பது பௌத்த உரைகாரர்களின் விளக்கம். அவர்கள் அடுத்துச் சொல்வது புரிசமேதம்: படைவீரருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை உணவும் சம்பளமும் தருவது. இந்த இரண்டாவதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிண்டோன் (1853–1878) காலம்வரை அரசிளங்குமரர்களும் அமைச்சர்களும் ‘மியோசா’க்களாக இருந்தார்கள். நேர்ப்பொருள் ‘ஊர் தின்னி’. ஓர் ஊரின் வருவாயே அவர்களுக்குச் சம்பளம். நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘சீவிதம்’ இதற்கு மிக நெருங்கிய சொல். ஊரில் எவ்வளவு தண்டினார்கள், எவ்வளவு அரண்மனைக்கு வந்தது என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. 1860களில் மிண்டோன் இதை மாற்ற முனைந்தார். வரி முழுவதும் கருவூலத்துக்கு வர வேண்டும், மியோசாக்களும் அதிகாரிகளும் ரொக்கச் சம்பளம் வாங்க வேண்டும் என்பது திட்டம்.

அந்த வரிதான் தத்தமேதா. அதைத் தண்டும் முறை இது. முதலில் ஊரில் எத்தனை வீடுகள் என்று எண்ணுவார்கள். சராசரியாக வீட்டுக்கு 10 கியாட் (பர்மியப் பணம்) என்று நிலைபெற்ற விகிதத்தால் பெருக்குவார்கள். 60 வீடு என்றால் ஊர்மேல் 600 கியாட். அதை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பது ‘தமாடி’ எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் வேலை: வசதியுள்ள வீட்டுக்குக் கூடுதல், இல்லாத வீட்டுக்குக் குறைவு. துறவிகளுக்கும் வறியவர்களுக்கும் விலக்கு. எதேச்சதிகார அரசு ஒன்று குடிகளின் வசதியறிந்து வரி கேட்க முயன்றது சிறிய காரியமல்ல.

எங்கே முறிந்தது? வரியில் இல்லை, சம்பளத்தில்; உரைகாரர்களின் சொல்லில், சஸ்ஸமேதத்தில் இல்லை, புரிசமேதத்தில். ரொக்கம் போதவில்லை, சம்பளம் பாக்கி விழுந்தது, வாங்க வேண்டியதை அதிகாரிகள் மறுபடி ஊரிடமே வாங்கினார்கள். குடியானவன் புது வரியும் கட்டினான், பழைய தண்டலும் கொடுத்தான். ரொக்கம் ஏன் போதவில்லை என்பதற்கு விடை நம் ரங்கூனிலேயே இருக்கிறது. ரங்கூன், பசீன், மோல்மேன் மூன்று துறைமுகங்களும் 1852க்குள் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன. 1867 ஒப்பந்தம் சுங்கத்தை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தது. மாணிக்கம், பெட்ரோலிய எண்ணெய், மரம் தவிர மற்ற ஏகபோகங்களையும் எடுத்துவிட்டது. சோற்றுக்கு அரிசிகூட ஆங்கிலேயர் வசமிருந்த கீழ்ப் பர்மாவிலிருந்து வந்தாக வேண்டும். இதற்கு மாறாக, சயாம் மன்னர் சூலலங்கோர்ன் 1873-இல் வருவாயை ஒரே அலுவலகத்தின்கீழ் கொண்டுவரத் தொடங்கியபோது பாங்காக் துறைமுகம் அவர் கையில் இருந்தது.

இன்னொரு முறிவு அரண்மனைக்குள். சீர்திருத்தத்தின் வலக்கையாக இருந்த மிண்டோனின் தம்பி, பட்டத்து இளவரசர் கனௌங்கை 1866 ஆகஸ்டில் மிண்டோனின் மகன்களே கொன்றார்கள். 1878-இல் மிண்டோனின் மகன் தீபாவை அரியணை ஏற்றிய அமைச்சர் கின்வுன் மிஞ்ஜி, அரசன் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டு ஆள்வான் என்று நம்பினார். யோ அத்வின்வுன் (அரண்மனை அமைச்சர்) போ லைங், அரசன் தனித்து முடிவெடுக்கக் கூடாது, கூடிப் பேச வேண்டும் என்று நூலே எழுதிக் கொடுத்தார். விரைவில் அவர் பதவி போனது. 1879 பிப்ரவரியில் அரச குடும்பத்தினர் பலர் கொல்லப்பட்டார்கள். இந்த முடியாட்சி தன்னைத் திருத்திக்கொண்டு பிழைத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு துறைமுகமும், சம்பளத்தைத் தவறாமல் கொடுக்கும் பத்து ஆண்டுகளும் அதற்கு வேண்டியிருந்தன. 1885 நவம்பரில் ஆங்கிலேயர் படை தலைநகர் மாந்தலேக்கு வந்துவிட்டது.

வந்தவர்கள் தத்தமேதாவை எடுக்கவில்லை. மேல் பர்மாவில் அதே பெயரில் தண்டினார்கள். கீழ்ப் பர்மாவில் வாங்கியது வேறு: மணமானவனுக்கு 5 ரூபாய், மணமாகாதவனுக்கு இரண்டரை ரூபாய். இதில் ஆள்தான் கணக்கு, வசதி கணக்கில்லை. ஆகவே ‘தலைவரி’ என்ற சொல் இதற்கே பொருந்தும்.

தத்தமேதாவுக்குக் ‘குடிவரி’ என்று எழுதுங்கள். குடி என்றால் வீடு, குடும்பம், ஆளப்படுபவர் எல்லாம் அடங்கும். ‘தசமபாகம்’ மூலப்பொருளுக்கு நெருக்கமானாலும் நம்மிடையே அது தேவாலயக் காணிக்கைக்கு உரிய சொல்லாகிவிட்டது. ‘வீட்டு வரி’ வேண்டாம். அது கட்டடத்துக்கு நகராட்சி வாங்குவது.