கார் நிறம் மாற்றும் பிலிம்: கழற்றும் நாளை நினைத்து ஒட்டுங்கள்

சென்ற கோடையில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஒருவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறெங்கோ ஒட்டிய கறுப்பு மேட் பிலிமைக் கழற்றித் தரும்படி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய தம் வெள்ளைக் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஹீட் கன் காட்டி இழுத்தபோது கதவுகளில் பிலிம் முழுத் தாளாக உரிந்தது. பானெட்டில் நகத்தளவு துணுக்குகளாக நொறுங்கியது. வலப்பக்க ஃபெண்டரிலோ (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்டும் சேர்ந்து வந்து, அடியிலிருந்த சாம்பல் நிறப் பட்டி, அதாவது நெளிவை நிரப்பும் பூச்சு, தெரிந்தது. "எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம் என்றார்களே சார்" என்றார் அவர்.

தொழிற்சாலையில் அடிக்கும் பெயிண்ட் ஏறக்குறைய 140 டிகிரி வெப்பத்தில் சுடப்பட்டுத் தகட்டோடு இறுகியிருக்கும். பட்டறையில் டிங்கரிங் பார்த்துப் பட்டி வைத்து அடித்த பெயிண்டுக்கு அந்தப் பிடிப்புப் பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகவே பிலிமின் பசை அதைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. அந்த ஃபெண்டர் முன்பே அடிபட்டு மறுபெயிண்ட் கண்டது என்பது அவருக்கே தெரியாது. பெயிண்டின் கனத்தை அளக்கும் சிறு கருவியை வைத்துப் பார்த்திருந்தால், ஒட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

பானெட் நொறுங்கியது வெயிலால். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், நிழலில்லாமல் நிற்கும் காரின் பானெட்டும் கூரையும் கதவுகளைவிட வெகு சீக்கிரம் மூப்படைகின்றன. உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்யும் மலிவான பிலிம் சூடுபட்டதும் சுருங்கப் பார்க்கும்; திரவமாக வார்த்துச் செய்யும் காஸ்ட் பிலிம் சுமார் 50 மைக்ரான் கனமே இருந்தாலும் நிலைத்து நிற்கும். விலை கேட்கும்போது இரண்டில் எது என்றும் கேளுங்கள். விளிம்புகளைக் கார் மீதே பிளேடால் அறுக்கிறார்களா, பிலிமுக்கு அடியில் ஒட்டி, அதிலுள்ள நூலை இழுத்து அறுக்கும் நூல் டேப்பால் வெட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள். பிளேடு கீறிய கோடு பிலிமைக் கழற்றிய பிறகுதான் கண்ணில் படும்.

பிலிமுக்குப் பதிலாக, ஸ்பிரே செய்து பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு என்றால், மெல்லிய அடுக்குகளாக ஐந்தாறு முறையாவது அடித்திருக்க வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் அது உரியாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பெட்ரோல் மூடியருகே சிந்தும் துளியும் அதைக் கரைத்துவிடும்.

கழற்றக்கூடியதுதானே என்று வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை மறந்துவிடுகிறார்கள். அதில் வண்டியின் நிறம் பதிவாகியிருப்பதால், முழு வண்டியின் நிறத்தை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவைத் திருத்தி, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். ராணுவப் பச்சையை நாங்கள் தொடுவதே இல்லை. கம்மவான்பேட்டை போன்ற ராணுவக் குடும்பங்களின் ஊர்கள் உள்ள இந்த மாவட்டத்தில் அந்த நிறத்தின் மீது ஆசை இருப்பது இயல்பே. ஆனால் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறெதற்கும் அதை அனுமதிப்பதில்லை.

சத்துவாச்சாரிக்காரரின் ஃபெண்டருக்குப் புதிதாகப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தோம். மறுநாளே அதன் மேல் நீல பிலிம் ஒட்டச் சொன்னார். புதுப் பெயிண்டிலிருந்து தின்னர் முழுதும் வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும் என்று சொல்லி, வண்டியை வெள்ளையாகவே அனுப்பிவைத்தோம்.