லெவல்: மந்திரவாதி ஏறுவது நிலையா, படியா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் வரும். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கும். அக்கா மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த எண்களையே பார்த்துக்கொண்டு வந்தான். ஆறாவது வளைவு தாண்டியதும் கேட்டான்: "மாமா, லெவலுக்குத் தமிழ்ல என்ன எழுதறது?"

அவன் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறான். சேர்வராயன் மலையில் மந்திரம் பழகும் ஒரு பெண்ணின் கதை. அவள் எவ்வளவு தேர்ந்தவள் என்று காட்ட நோட்டில் "ஏழாவது லெவல் மந்திரவாதி" என்று எழுதி, அடித்து, "ஏழாம் நிலை" என்று மாற்றி, அதையும் அடித்திருந்தான். அவன் தயங்கியது சரிதான். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு மூன்று பொருள்கள் சிக்கிக் கிடக்கின்றன.

லெவல் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'லிப்ரா' என்றால் தராசு, 'லிபெல்லா' என்றால் சின்னத் தராசு. அதுவே மட்டம் பார்க்கும் கருவிக்கும் பெயரானது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோதும் முதலில் அந்தக் கருவியைத்தான் குறித்தது. நம் கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம்தான் அது. சுவர்மேல் அதை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாரே, அந்தப் பொருள். ஆக, லெவல் என்றால் மட்டம். எது எந்த உயரத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். ஏறுதல் என்ற எண்ணம் அதில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

மந்திரவாதிகளுக்கு எண் போட்டு உயர்த்தும் வழக்கத்தைப் பரப்பியது 1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. அதில் பாதாள அறை எத்தனையாவது தளம் என்பதற்கும் லெவல். ஆள் எவ்வளவு தேர்ந்தவர் என்பதற்கும் லெவல். மந்திரம் எவ்வளவு கடினம் என்பதற்கும் லெவல். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஆளுக்கு இருபது லெவல், மந்திரத்துக்கு ஒன்பது. ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு மூன்றாம் லெவல் மந்திரம்தான் கைவரும். புதிதாக ஆட வருகிறவர்கள் இந்த இடத்தில் குழம்பாமல் போவதில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. அதைத் தமிழிலும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

முதலில் 'நிலை'யைப் பார்ப்போம். அழகான சொல், ஆனால் எண்ணோடு சேர்த்தால் தலைகீழாகிவிடுகிறது. இரண்டாம் நிலைக் காவலர் பதவி உயர்ந்தால் முதல்நிலைக் காவலர் ஆவார். எண் குறையக் குறைய மதிப்பு கூடுகிறது. 'தரம்' என்பதும் அப்படியே. முதல் தரம்தான் உசத்தி, மூன்றாம் தரம் என்றால் தாழ்த்தி. அப்படிப் பழகிய காதுக்கு "ஒன்பதாம் நிலை மந்திரவாதி" என்றால் கடைசியில் நிற்கிற ஆள் என்றே படும்.

'படி' அப்படியில்லை. பதினெட்டாம் படி என்றதும் சபரிமலையின் உச்சிப் படி கண்முன் வந்துவிடும். எண்ணும் உயரமும் கூடவே ஏறும் சொல் இது. இந்தச் சொல்லில் இன்னொரு வளமும் உண்டு. ஏறுவதற்கும் படி, அரிசி அளப்பதற்கும் படி, கற்பதற்கும் படி. "மூன்றாம் படியைப் படித்து முடித்தாள்" என்றால் ஏற்றமும் கல்வியும் ஒரே மூச்சில் வந்துவிடும். 'படிநிலை' என்ற கலைச்சொல் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை முழு ஏற்பாட்டுக்கும் பெயராக வைத்துக்கொள்ளலாம். மந்திரப் படிநிலை; அதில் இருபது படிகள்.

மந்திரங்களுக்கு? அங்கே 'அடுக்கு' பொருந்தும். ஆங்கிலத்தில் டியர் (tier) என்கிறார்களே, வரிசை என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் இதுவே சரி. டிபன் கேரியரில் அடுக்கு இருக்கிறது. சோறு ஒன்றில், குழம்பு ஒன்றில். அடுக்கு தானாக ஏறாது, வைத்த இடத்தில் இருக்கும். மந்திரமும் அப்படித்தானே, ஏறுவது ஆள். இப்போது சொல்லிப் பாருங்கள்: "ஐந்தாம் படி மந்திரவாதிக்கு மூன்றாம் அடுக்கு மந்திரம்." குழப்பம் போய்விட்டது.

சில கதைகளில் ஆள் ஏறுவதோடு உடம்பே புடம் போடப்பட்டுத் தூய்மையாகும். சீன மாயக்கதைகளில் இது அதிகம். அதற்கு என் தேர்வு 'மாற்று'. பொன்னை உரைகல்லில் உரைத்துச் சொல்லும் அளவு. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்கிறவர்கள் இன்று வெள்ளிக்கு 'டச்' (touch) என்கிறார்கள். மாற்றும் டச்சும் கேட்பது ஒன்றைத்தான்: கலப்படம் எவ்வளவு போயிருக்கிறது? "எட்டு மாற்று உடல்" என்று ஒரு கதையில் வந்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

எண்ணே இல்லாமலும் படிகளுக்குப் பெயர் வைக்கலாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற சைவத்தின் நான்கு படிகளைத் தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என்றார். மேலே இறங்கியதும் காப்பிச் செடிகளைக் காட்டி இதை அவனிடம் சொன்னேன். ஒரு கிளையைப் பிடித்துக் கணுக்கணுவாக விரலால் தடவிப் பார்த்தான். பச்சைக் காய்களுக்கு நடுவே ஒன்றிரண்டு சிவக்கத் தொடங்கியிருந்தன.

ஒரே ஓர் எச்சரிக்கை. லெவல் அப், அதாவது அடுத்த லெவலுக்கு உயர்வது, என்பதற்கு அவன் "படி தாண்டினாள்" என்று எழுதிவிட்டான். தமிழில் அது வாசற்படியாகிவிடும். படிதாண்டாப் பத்தினி என்ற பழைய பேச்சு பின்னாலேயே வந்து நிற்கும். அந்தப் பெண்ணின் உழைப்பெல்லாம் வேறு பொருளுக்குப் போய்விடும். சொன்னதும் புரிந்துகொண்டான். திரும்பி இறங்கும்போது பஸ் குலுக்கலில் எழுத்து கோணக் கோண, "ஏறினாள்" என்று திருத்தினான்.