ஈஸ்ட்ரஸ்: சினைப்பருவம்

பெட்டை நாய் 'ஹீட்டுக்கு வந்திருக்கிறது' என்று வளர்ப்போர் சொல்வதைக் கால்நடை மருத்துவ நூல்கள் 'ஈஸ்ட்ரஸ்' என்று எழுதுகின்றன. ஆயினும் இரண்டும் ஒரே கால அளவைக் குறிப்பதில்லை. பிறப்புறுப்பு வீங்கி இரத்தக் கசிவு தொடங்கும் நாள் முதல், பெட்டை மீண்டும் ஆண் நாயை விரட்டத் தொடங்கும் நாள் வரையிலான ஏறத்தாழ மூன்று வாரங்களும் பேச்சுவழக்கில் ஹீட்தான். நூல்வழக்கில் பெட்டை ஆண் நாயை இணைசேர ஏற்கும் பிற்பகுதி மட்டுமே ஈஸ்ட்ரஸ்.

'ஓய்ஸ்ட்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல் கால்நடைகளைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஈயின் பெயர். அடங்காத வேட்கை என்னும் பொருள் அதிலிருந்து கிளைத்தது. பசுவாக மாற்றப்பட்ட அயோ என்ற பெண்ணை நாடு நாடாகத் துரத்தியதாகக் கிரேக்கப் புராணம் சொல்வதும் இந்த ஈயைத்தான். ஆட்டின் மூக்கினுள் புழுவிடும் ஈ ஒன்று இன்றும் 'ஈஸ்ட்ரஸ் ஓவிஸ்' என்றே அறிவியலில் வழங்குகிறது. பாலூட்டிகளின் இனப்பெருக்கச் சுழற்சியைக் கட்டங்களாகப் பிரித்து, புரோஈஸ்ட்ரஸ் (ஈஸ்ட்ரஸுக்கு முந்தைய கட்டம்), ஈஸ்ட்ரஸ், மெட்ஈஸ்ட்ரஸ் (அதற்குப் பிந்தைய கட்டம்) முதலான பெயர்களை நிலைநிறுத்தியவர் ஆங்கில உடலியலாளர் வால்டர் ஹீப், ஆண்டு 1900. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் பெயரும் அதே வேரில் பின்னர் முளைத்ததுதான்.

தமிழில் மாடு வளர்ப்போருக்கான கையேடுகள் 'சினைப்பருவம்' என்ற சொல்லை ஏற்கெனவே பழக்கிவிட்டன. 'சினையாக இருக்கிறது' என்றால் கருவுற்றிருப்பது என்று பொருள்படுவதால் குழப்பம் நேரும் என்பார் உண்டு. ஆனால் 'பருவம்' என்ற பின்னொட்டு அக்குழப்பத்தைப் போதிய அளவு நீக்கிவிடுகிறது என்பதே என் கருத்து. 'வெப்பம்', 'சூடு' என்ற நேர்மொழிபெயர்ப்புகள் காய்ச்சலையே நினைவூட்டும், அவை வேண்டியதில்லை. (பெண் நாய்க்குத் தொல்காப்பிய மரபியல் தரும் 'பிணவு' என்ற பெயரை நாம் கைவிட்டது தனிக்கதை.) புரோஈஸ்ட்ரஸை 'முன்பருவம்' எனலாம். அக்கட்டத்தின் இரத்தத்தை 'மாதவிடாய்' என்பது மட்டும் பிழை. மனிதரில் கருத்தரிக்காத சுழற்சியின் முடிவில் கருப்பையின் உட்படலம் உதிர்வதால் இரத்தம் வருகிறது. நாயிலோ கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே, ஈஸ்ட்ரோஜன் பெருக்கத்தால் கருப்பையின் நுண்குழாய்களிலிருந்து கசிகிறது.

இன்னொரு சொல்லும் கட்டாயம் தேவை: 'சினைபிடிக்கும் நாட்கள்'. முன்பருவம் சராசரியாக 9 நாள், சினைப்பருவமும் சராசரியாக 9 நாள் நீடித்தாலும், ஒரு நாயில் மூன்று நாளில் முடிவது இன்னொன்றில் இரண்டு வாரத்தைத் தாண்டும். எனவே இரத்தம் கண்ட நாளிலிருந்து எண்ணிப் பத்தாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் இணைசேர்க்கும் வழக்கம் பல நாய்களில் பலிப்பதில்லை. கசிவு வைக்கோல் நிறத்துக்கு வெளிறுவதும், இடுப்பைத் தொட்டால் பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி நிற்பதும் சினைப்பருவத்தின் அடையாளங்கள். முட்டை வெளிவந்த நாளை அவை காட்டுவதில்லை.

அந்த நாளைக் காட்டுவது இரத்தத்திலுள்ள புரோஜெஸ்டிரோன் அளவு. பெரும்பாலான பாலூட்டிகளில் முட்டை வெளிவந்த பிறகே உயரும் இந்த ஹார்மோன், நாயில் அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுகிறது. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2 நானோகிராம் என்ற நிலையில், முட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் உச்சமடைகிறது; சுமார் இரண்டு நாள் கழித்து, அளவு 5 நானோகிராமை ஒட்டியிருக்கும்போது, முட்டைகள் வெளிவருகின்றன. அப்போதும் அவை முதிர்ந்திருப்பதில்லை. முதிர மேலும் இரண்டு, மூன்று நாள் ஆகும். அதன்பின் இரண்டு, மூன்று நாளே உயிர்ப்புடன் இருக்கும். எல்ஹெச் உச்சத்துக்குப் பிந்தைய நான்காம் நாள் முதல் ஆறாம், ஏழாம் நாள் வரையிலான இந்த இடைவெளியே சினைபிடிக்கும் நாட்கள். இயல்பாக இணைசேரும் ஆண் நாயின் விந்தணு பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிர்வாழும் என்பதால் ஓரிரு நாள் முந்தினாலும் கெடுதல் இல்லை. உறையவைத்துச் சேமித்த விந்து ஒரு நாள் அளவே தாங்குவதால் அங்கே நாள் தவறக் கூடாது.

குட்டி ஈனும் நாளைக் கணிக்கவும் இதுவே தொடக்கம். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை வேறுபடும் கருக்காலம், முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணும்போது 63 நாளை ஒட்டியே அமைகிறது.