சவ்வை விட்டு வராத புரதங்கள்

காபி குடித்தால் தூக்கம் கலைகிறதே, அதில் பெரும்பங்கு மூளைச் செல்களின் சவ்வில் இருக்கும் ஏ2ஏ என்ற அடினோசின் ஏற்பிக்கு (ஏற்பி என்றால் வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்). களைப்பைச் சொல்லும் வேதிப்பொருளான அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்புச் செய்தி உள்ளே போவதில்லை. இந்த ஏற்பி ஜி-புரத ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதரிடம் இந்தக் குடும்பத்தில் சுமார் 800 பேர். புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்களைத்தான் குறிவைக்கிறது.

சரி, இந்த ஏற்பிகள் வேறு எந்தப் புரதங்களோடு ஒட்டி உறவாடுகின்றன? கண்டுபிடிப்பது லேசல்ல. கொழுப்புச் சவ்வில் ஏழு முறை உள்ளும் புறமும் தைத்ததுபோல் கிடக்கும் புரதம் இது. சவ்வைக் கரைத்து வெளியே எடுத்தால் உருக்குலைகிறது. பிடி தளர்வான கூட்டாளிகள் பிரிந்துவிடுகிறார்கள். இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று ஈஸ்ட் செல்லுக்குள் வைத்துப் பார்க்கும், 1989-இல் வந்த ஈஸ்ட் இரு-கலப்பின முறையும் இங்கே பலிக்காது. அதில் இரண்டு புரதங்களும் செல்லின் உட்கருவுக்குள் சந்திக்க வேண்டும். சவ்வுப் புரதம் அங்கே எப்படிப் போகும்?

ஆளை வரவழைக்க முடியாவிட்டால் தூது அனுப்பலாம். 1998-இல் இகோர் ஸ்டாக்லியார் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் ஈஸ்ட் செல்லில் செய்தது அதுதான். யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலச் சிறு புரதத்தை இரண்டு துண்டாக்கினார்கள். ஒரு துண்டைச் சவ்வுப் புரதத்தின் வாலில் கட்டி, அதன் நுனியில் மரபணுவை முடுக்கிவிடும் ஒரு காரணியைத் தொங்கவிட்டார்கள். மற்றத் துண்டு, கூட்டாளியோ என்று சந்தேகிக்கும் புரதத்தில். துண்டுகள் தாமாகவே ஒட்டிக்கொண்டால் சோதனை வீண். அதனால் இரண்டாம் துண்டில் 13-ஆவது இடத்தில் உள்ள ஐசோலூசினை எடுத்துவிட்டு கிளைசினை வைத்து அதன் பிடியைத் தளர்த்தினார்கள் (எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த சாமர்த்தியம்). புரதங்கள் நெருங்கினால்தான் துண்டுகள் சேரும். சேர்ந்ததும் செல்லின் நொதி அதை முழு யுபிக்விட்டின் என்று நினைத்து வால்பக்கம் வெட்டும். காரணி விடுபட்டு உட்கருவுக்கு ஓடி, ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவும் மரபணுவையும் நீல நிறம் தர உதவும் மரபணுவையும் முடுக்கிவிடும். அப்புறம் தட்டைப் பார்த்தால் போதும்: ஹிஸ்டிடின் இல்லாத ஊடகத்திலும் ஈஸ்ட் வளர்ந்திருக்கும், சாயம் சேர்த்தால் நீலமாகும்.

2017-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டாக்லியார் குழு இதே முறையில் 48 மனித ஏற்பிகளைச் சோதித்தது. 686 புரதங்களை இணைக்கும் 987 உறவுகள் கிடைத்தன. ஈஸ்ட்டுக்கு மனித மூளை தெரியாது. பொய்யான உறவுகளும் இதில் நுழையும். ஆகவே முக்கியமானவற்றை வேறு முறைகளிலும் சரிபார்த்தார்கள். அப்படித் தேறிய உறவுகளில் ஒன்று நம் காபி ஏற்பி ஏ2ஏ-வுடையது. அதன் கூட்டாளி அதே குடும்பத்து ஜிபிஆர்37 என்ற ஏற்பி. சிலவகைப் பார்க்கின்சன் நோயில் பழுதாகும் பார்க்கின் என்ற புரதம் கண்காணிப்பவற்றில் ஒன்று இந்த ஜிபிஆர்37. ஏ2ஏ-வைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் ஏற்கெனவே பார்க்கின்சன் மருந்தாக ஜப்பானில் விற்பனைக்கு வந்திருந்தது.